வாளையாரைத் தாண்டினால் உங்களை யாருக்குத் தெரியும்?

வேலை தேடும் வாசகர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்பவர், கஞ்சிக்கோட்டிலும் கோவையிலும் தொழிற்சாலைகளின் பணியாளர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைக்காரர். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 'பர்சனல் பிராண்ட்', அதாவது வேலை உலகில் ஒருவர் தனக்கென்று உண்டாக்கிக்கொள்ளும் பெயர் பற்றியவை.

கேள்வி: அக்கா, நான் சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.காம். முடித்தேன். இங்கேயே ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் நான்கு வருடம் கணக்கு பார்த்தேன். குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டேன், மூன்று வருடம் ஆகிறது. இப்போது கோவையில் வேலை தேடுகிறேன். என் தம்பி பெங்களூரில் ஐடியில் இருக்கிறான். "முதல்ல உனக்குன்னு ஒரு பர்சனல் பிராண்ட் வேணும், லிங்க்ட்இன்ல தினமும் எதையாவது எழுது" என்கிறான். எழுத உட்கார்ந்தால் கூச்சமாக இருக்கிறது. எழுதினால்தான் வேலை கிடைக்குமா?
(ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: தினமும் எழுதினால்தான் வேலை என்றால், கோவையில் கணக்கு எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்நேரம் வீட்டில்தான் இருந்திருப்பார்கள். தம்பி சொல்வது அவன் இருக்கும் ஐடி உலகத்துக்கு ஓரளவு பொருந்தும். அங்கே ஆள் எடுப்பவரும் நாள் முழுக்க லிங்க்ட்இன்னில்தான் இருப்பார். பீளமேட்டில் பம்ப் கம்பெனி நடத்துகிறவர் அப்படி இல்லை. தன் ஆடிட்டரிடம் விசாரிப்பார், பக்கத்து கம்பெனி மேனேஜரைக் கேட்பார், கடைசியில் உன் பெயரை ஃபோனில் ஒரு தடவை தட்டிப் பார்ப்பார். அந்த ஒரு தடவைக்குத் தயாராக இருந்தால் போதும்.

இந்த 'பிராண்ட்' பேச்சை ஊரெல்லாம் பரப்பியவர் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க மேலாண்மை எழுத்தாளர். பொருள்களுக்கு மட்டும்தானா பிராண்ட், உங்களுக்கும் ஒன்று உண்டு, அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று 1997-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் எழுதினார். அப்போது லிங்க்ட்இன் கிடையாது, அது 2003-ல்தான் வந்தது. தினமும் போஸ்ட் போடுவதெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. கூச்சமாக இருந்தால் போடாதே கண்ணு.

உனக்குப் பெயர் இல்லாமல் இல்லை. கடை முதலாளிக்கு உன்னைத் தெரியும், ஆடிட்டருக்குத் தெரியும், கோயமுத்தூரில் இருந்து சரக்கு அனுப்பும் டீலருக்குத் தெரியும். "அந்தப் பொண்ணு கணக்குல பைசா இடிக்காது" என்று அவர்கள் சொல்வார்கள். ஆனால் அந்தப் பேச்சு மாநில எல்லையில் உள்ள வாளையார் பாலத்தைத் தாண்டாது. சிங்காநல்லூரில் உட்கார்ந்திருக்கும் மேனேஜருக்கு நீ ஒரு காகிதம், அவ்வளவே. நம்மூரில் நாலு பேருக்குத் தெரிந்ததை, முன்பின் தெரியாத அவரும் சரிபார்த்துக்கொள்ள வழி செய்துவைப்பதைத்தான் நான் பிராண்ட் என்று ஒப்புக்கொள்வேன். மற்றதெல்லாம் ஜிகினா.

கடிதத்தோடு உன் லிங்க்ட்இன் தலைப்பு வரியையும் அனுப்பியிருந்தாய்: "ஹார்டு ஒர்க்கிங், மோட்டிவேட்டட், ரிசல்ட் ஓரியன்டட் புரொஃபஷனல்." இதை லாரி டிரைவரும் போடலாம், இதய டாக்டரும் போடலாம். அந்த வரிக்கு 220 எழுத்து இடம் இருக்கிறது. அதில் இப்படிப் போடு, ஆங்கிலத்தில்தான்: "ஜிஎஸ்டி கணக்கர். நான்கு வருட அனுபவம். கேரளா, தமிழ்நாடு இரண்டு மாநிலக் கொள்முதல், டாலி, 2பி சரிபார்ப்பு. கோவையில் வேலை தேடுகிறேன்." இதில் 'இரண்டு மாநிலக் கொள்முதல்' என்ற சொல்தான் உன் சொத்து. நீ அதை எங்குமே எழுதவில்லை. உனக்கு அது தினசரி வேலை, அதனால் பெரிதாகத் தோன்றவில்லை.

யோசித்துப் பார். உன் கடை கேரளாவில். பாலக்காட்டு மொத்த வியாபாரியிடம் பைப் வாங்கினால் பில்லில் மத்திய அரசுக்கு 9 சதவீதம் சிஜிஎஸ்டி, மாநிலத்துக்கு 9 சதவீதம் எஸ்ஜிஎஸ்டி. அதே பைப்பைக் கோவையில் வாங்கினால் மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி 18 சதவீதம். கொள்முதலில் கட்டிய ஐஜிஎஸ்டியை, அதாவது ஐஜிஎஸ்டி கிரெடிட்டை, முதலில் கடை கட்ட வேண்டிய ஐஜிஎஸ்டிக்குக் கழித்துவிட்டுத்தான் மற்ற இரண்டுக்கும் எடுக்க வேண்டும். மாதம் பிறந்து 11-ஆம் தேதிக்குள் சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1 என்ற தன் விற்பனைக் கணக்கைப் போட வேண்டும். 14-ஆம் தேதி உன் பக்கம் 2பி, அதாவது சப்ளையர்கள் ஏற்றிய கொள்முதல் பில்களின் பட்டியல் வரும். அதில் கோயமுத்தூர் டீலர் ஒருவர் இரண்டு பில்லை விட்டிருப்பார். 20-ஆம் தேதி 3பி என்ற மாத வரிக் கணக்கைப் போடுவதற்குள் அவருக்கு ஃபோன் அடித்து, "அண்ணா, 8-ஆம் தேதி பில்லு ஏறல, அடுத்த மாசமாவது ஏத்திவிடுங்க, அதுவரைக்கும் உங்க பாக்கியில அவ்வளவு நிறுத்தி வைக்கிறோம்" என்று சொன்னது யார்? நீதானே? கேரளாவுக்குச் சரக்கு அனுப்புகிற கோவை வியாபாரிகள் ஏராளம். எதிர்ப் பக்கத்தில் இருந்து அந்த ஃபோனை அடித்த ஒருத்தி தன் அலுவலகத்தில் இருந்தால் அவர்களுக்கு எவ்வளவு நிம்மதி!

சரி, இதை அவர் எப்படிச் சரிபார்ப்பார்? ஒரு எக்ஸெல் ஷீட் தயார் செய். கற்பனையாகச் சில சப்ளையர்கள், பத்துப் பன்னிரண்டு பில், அதில் சிலவற்றில் நீயே வேண்டுமென்று தப்பு வை. ஒன்றில் ஜிஎஸ்டி எண் தவறு, ஒன்றில் ஐஜிஎஸ்டிக்குப் பதில் எஸ்ஜிஎஸ்டி, ஒன்று 2பியில் வரவே இல்லை. ஒவ்வொன்றையும் எப்படிக் கண்டுபிடித்தாய், யாரிடம் என்ன சொல்லித் திருத்தினாய் என்று பக்கத்துக் கட்டத்தில் ஒரு வரி. பிடிஎஃப் ஆக்கி லிங்க்ட்இன்னில் 'ஃபீச்சர்ட்' பகுதியில் ஏற்று, நேர்முகத்துக்குப் போகும்போது ஒரு பிரதி கையில் எடுத்துக்கொள். பழைய கடையின் நிஜ பில்லை மட்டும் எங்கும் காட்டாதே. அந்த வியாபார ரகசியத்தை வெளியே விட்டவள் நாளை நம்முடையதையும் விடுவாள் என்று எதிரே இருப்பவர் நினைப்பார்.

மூன்று வருட இடைவெளியை மறைக்கவும் வேண்டாம், அதற்காக மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதவும் வேண்டாம். 'கரியர் பிரேக்' என்று போட 2022-லிருந்து லிங்க்ட்இன்னிலேயே தனி இடம் இருக்கிறது. "குழந்தை வளர்ப்பு" என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார். உன்னை மடக்குவார்கள் என்றால் வேறு இடத்தில் மடக்குவார்கள். 2025 செப்டம்பர் 22-ல் வரி விகிதங்கள் மாறின. 12, 28 என்ற அடுக்குகளை எடுத்துவிட்டு, பெரும்பாலான பொருள்களை 5-க்கும் 18-க்கும் கொண்டுவந்தார்கள். சிமென்ட் 28-லிருந்து 18-க்கு இறங்கியது. ஹார்டுவேர் கடையில் இருந்தவளிடம் இதைத்தான் முதலில் கேட்பார்கள். தெரியாமல் முழித்தால் இடைவெளி அப்போதுதான் பெரிதாகத் தெரியும்.

அப்புறம் அந்த ஆடிட்டர். அவரிடம் நேரில் போய், "உங்க பேரையும் நம்பரையும் குடுக்கலாமா சார்" என்று அனுமதி கேள். கேட்காமல் கொடுத்துவிட்டால், கோவையில் இருந்து ஃபோன் வரும்போது அவர் யாரோ கடன்காரன் என்று கட் பண்ணிவிடுவார்.

கேள்வி: புரொஃபைல் படத்துக்கு ஸ்டூடியோ போக வேண்டுமா? இப்போதைக்குக் கல்யாண போட்டோவில் என்னை மட்டும் கத்தரித்துப் போட்டிருக்கிறேன்.
(ஒரு வாசகர், மீனாட்சிபுரம்)

பதில்: பார்த்தேன். தோளில் யாரோ ஒருவரின் கை, வளையலோடு, அப்படியே இருக்கிறது. ஸ்டூடியோ வேண்டாம். காலை வெயில் ஏறுவதற்கு முன் ஜன்னலைப் பார்த்து நில், பின்னால் வெறும் சுவர், வேறு யாரையாவது எடுக்கச் சொல். செல்ஃபி வேண்டாம். பயோடேட்டாவில் போட்டோ கேட்டால் மட்டும் ஒட்டு. மதம், ஜாதி, உயரம், எடை இதையெல்லாம் எடுத்துவிடு. பெண் பார்க்கவா போகிறாய்?

கேள்வி: எனக்கு 47 வயது. வாளையாரில் ஒரு கிளியரிங் ஆபீசில் சோதனைச் சாவடிக் காகிதம் எழுதிக்கொண்டிருந்தேன். 2017-ல் ஜிஎஸ்டி வந்து அந்தத் தொழிலே போனது. அப்புறம் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இ-வே பில், அதாவது லாரிச் சரக்குக்கான ஆன்லைன் சீட்டு போடும் வேலை. இப்போது முதலாளியின் மகன் ஆபீசைக் கோவைக்கு மாற்றி ஆளைக் குறைத்துவிட்டார். லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிகளில் கேட்டால் "ஆன்லைனில் அப்ளை பண்ணுங்க" என்கிறார்கள். எனக்கு யாரையும் தெரியாது. இந்த வயதில் பிராண்ட், கிராண்ட் எல்லாம் எதற்கு?
(ஒரு வாசகர், வாளையார்)

பதில்: யாரையும் தெரியாது என்று வாளையாரில் இருந்து ஒருவர் எழுதினால் நான் நம்புவதாக இல்லை. ஒரு காலத்தில் அங்கே லாரி வரிசை நின்ற நிலையை இந்தப் பக்கத்தார் மறக்க மாட்டோம். டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே சோறாக்கிச் சாப்பிட்டுக் காத்துக் கிடப்பார்கள். அவர்களில் எத்தனை பேரின் காகிதம் உங்கள் கையால் போயிருக்கும்? அவர்களில் சிலர் இன்று சொந்த வண்டி வைத்திருப்பார்கள், சிலர் டிரான்ஸ்போர்ட்டில் சூப்பர்வைசர் ஆகியிருப்பார்கள். ஃபோனைத் திறந்து பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தடவை தள்ளிப் பாருங்கள்.

இதை ஆராய்ச்சி செய்தே பார்த்திருக்கிறார்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு. எப்போதாவது என்றவர்கள் ஏறக்குறைய 56 சதவீதம், அபூர்வமாக என்றவர்கள் 28. 1973-ல் வெளியான முடிவு அது. 2022-ல் லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரை வைத்துப் பார்த்தபோதும், வேலை மாற அதிகம் உதவியது நெருக்கம் குறைந்த பழக்கம்தான் என்று தெரிந்தது. காரணம் எளிது. தினமும் டீக்கடையில் பார்ப்பவருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்ததுதான். வருடத்துக்கு ஒரு முறை பேசுகிற ஈரோட்டு டிரான்ஸ்போர்ட் மேனேஜருக்குத்தான் உங்களுக்குத் தெரியாத இடம் தெரியும்.

ஆகவே அவர்களுக்கு எழுதுங்கள். "வேலை இருந்தா சொல்லுங்க" என்று ஒரே செய்தியை எல்லோருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள், அது குட்மார்னிங் படத்தோடு சேர்ந்து போய்விடும். பெயர் சொல்லி, பழைய வேலையை ஞாபகப்படுத்தி, என்ன தெரியும் என்று ஒரே விஷயம் சொல்லி அனுப்புங்கள். மாதிரிக்கு:

"செல்வண்ணா, வாளையார் புக்கிங் ஆபீசில் இருந்தவன். உங்க கொச்சி லோடுக்கெல்லாம் நான்தான் இ-வே பில் போட்டேன். ஆபீஸ் கோவைக்கு மாறிடுச்சு, நான் வேற இடம் பார்க்கிறேன். நடுவழியில் வண்டி மாத்துறது, கெடு நீட்டிக்கிறது எல்லாம் ராத்திரியிலும் பார்த்துப்பேன். மலையாளமும் பேசுவேன். உங்களுக்குத் தெரிஞ்ச இடத்தில் ஆள் தேவைன்னா என் பேரைச் சொல்லுங்க."

(பெயர் சும்மா போட்டது. உங்கள் ஃபோனில் உள்ள பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

இந்த 'வண்டி மாத்துறது' சின்ன விஷயமில்லை. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் கெடு. ராத்திரி இரண்டு மணிக்கு வடக்கஞ்சேரி பக்கத்தில் ஆக்சில் உடைந்து வண்டி நின்றது என்று வையுங்கள். சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால் அந்த பில்லில் வண்டி விவரம் எழுதும் பார்ட்-பியில் புது வண்டி எண் ஏற வேண்டும். கெடு முடிகிற நேரத்துக்கு முன்னால் 8 மணி நேரம், பின்னால் 8 மணி நேரம், அதற்குள்தான் நீட்டிக்க முடியும். தூங்கிவிட்டால் வண்டி பிடிபடும், அபராதம் வரும், பார்ட்டி கத்துவார். அந்த நேரத்தில் ஃபோன் எடுத்துக் காரியத்தை முடிக்கிற ஆள் எந்த டிரான்ஸ்போர்ட்டுக்குத்தான் வேண்டாம்? ஒரு பக்க பயோடேட்டாவில் மேலே இந்த ஒரு சம்பவத்தை மூன்று வரியில் எழுதுங்கள். சம்பவம் நிஜமாக இருக்கட்டும், பார்ட்டி பெயர் வேண்டாம்.

'ஆன்லைனில் அப்ளை' என்கிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். அங்கே முதலில் படிப்பது பெரும்பாலும் மென்பொருள். கட்டம் கட்டமாக, பக்கத்தை இரண்டாகப் பிரித்து, கலர் பட்டையோடு டிடிபி கடைக்காரர் செய்து தருகிற மாடல் அதற்குக் குழம்பும். காகிதத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பினால் பல நேரம் எழுத்தே தெரியாது. மேலிருந்து கீழே நேராக, பக்கத்தைப் பிரிக்காமல், வேர்டில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கியது போதும். லிங்க்ட்இன்னில் உங்கள் பிள்ளையை விட்டு ஒரு பக்கம் திறந்து வையுங்கள். அதில் எழுத வேண்டாம், லைக் போட வேண்டாம். செல்வண்ணா சொன்ன பெயரை மேனேஜர் தேடினால் அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும், அதற்குத்தான்.

வயதை மறைக்க வேண்டாம். வாளையார் கிளியரிங் ஆபீஸ் என்று எழுதினாலே வயது தெரிந்துவிடும்.

கேள்வி: மேடம், நான் ஐடிஐ வெல்டர், 6ஜி போடுவேன். கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இருக்கிறேன். இன்ஸ்டாகிராமில் வெல்டிங் ரீல்ஸ் போடுவேன், நிறையப் பேர் பார்க்கிறார்கள். போன மாதம் சூப்பர்வைசர் கூப்பிட்டு எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டார். பொறாமை என்று நினைக்கிறேன். கத்தார் போகலாம் என்று இருக்கிறேன். ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். ரீல்ஸைக் காட்டினால் அங்கே வேலை நிச்சயமா?
(ஒரு வாசகர், வேலந்தாவளம்)

பதில்: பொறாமை இல்லை தம்பி. நீ அனுப்பிய லிங்கைப் பார்த்தேன். மூன்றாவது வீடியோவில் உனக்குப் பின்னால் மேசையில் டிராயிங் விரித்திருக்கிறது, வாடிக்கையாளர் பெயர்ப்பட்டை படிக்கிற மாதிரி தெரிகிறது. சூப்பர்வைசர் உன்னைக் கூப்பிட்டுச் சொன்னதோடு விட்டாரே, நல்ல மனுஷர். இன்னொரு வீடியோவில் கையுறை இல்லாமல் கிரைண்டர் பிடித்திருக்கிறாய், பின்னால் பாட்டு ஓடுகிறது. ஆள் எடுக்கிற பாதுகாப்பு அதிகாரி பாட்டைக் கேட்க மாட்டார், உன் கையைத்தான் பார்ப்பார்.

கம்பெனி வேலையைப் படம் எடுப்பதை நிறுத்து. ஆனால் படம் எடுப்பதை நிறுத்தாதே. லீவு நாளில் ஏதாவது பட்டறையில் அனுமதி கேட்டு, ஸ்கிராப் பைப்பில் ஒரு டெஸ்ட் கூப்பன், அதாவது சோதனைத் துண்டு போடு. 6ஜி போடுவேன் என்று எழுதியிருக்கிறாய். குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் பிடித்துவைத்து, அதைச் சுற்றி வெல்டர்தான் குனிந்தும் நிமிர்ந்தும் முடிக்க வேண்டும். வாயால் எல்லோரும் சொல்வார்கள். நீ காட்டு: பெவல் எடுத்த, அதாவது சாய்வாகச் சீவிய விளிம்பும் இடைவெளியும் ஒரு படம், டிக் வெல்டிங்கில் ரூட் பாஸ் என்ற முதல் அடுக்கு முடிந்ததும் குழாய்க்குள்ளே டார்ச் அடித்து ஒரு படம், ஆர்க் வெல்டிங்கில் நிரப்பி முடித்த மேல்முகம் ஒரு படம். அந்த உள்பக்கப் படம்தான் முக்கியம். ரூட் சீராக இறங்கியிருக்கிறதா, எங்காவது உறிஞ்சிக் குழிந்திருக்கிறதா என்று தெரிந்தவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். அப்புறம் அதையே பட்டையாக அறுத்து, வளைத்துப் பார்க்கும் பெண்ட் டெஸ்ட் கொடு. வளைந்த முகத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் பிளவு தெரிந்தால் தோல்வி. தோற்காத பட்டையை ஸ்கேல் வைத்துப் படம் எடு. இந்த நாலைந்து படம் உன் ரீல்ஸ் மொத்தத்தையும் விட அதிகம் பேசும்.

அதோடு உன் டபிள்யூபிக்யூ சான்றிதழ், அதாவது எந்த முறையில், எந்த பொசிஷனில், எவ்வளவு கனம் வரை தேறியிருக்கிறாய் என்ற தாள். ஏஎஸ்எம்இ என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் விதிப்படி ஒரு முறையில் 6 மாதத்துக்கு மேல் வெல்டிங் செய்யாமல் இருந்தால் அந்தத் தகுதி காலாவதி ஆகிவிடும். அதனால் எந்த மாதம் எந்த முறையில் வேலை செய்தாய் என்று கம்பெனியில் பராமரிக்கும் பதிவின் நகல் கிடைக்குமா என்று கேள். உன்னைப் பற்றி உன் கம்பெனியே சொல்வது அது, ஆயிரம் லைக் அதற்குச் சமம் ஆகாது. சூப்பர்வைசரோடு முறைத்துக்கொண்டால் அதை யார் தருவார்?

கத்தாருக்கு ரீல்ஸ் எதையும் நிச்சயம் ஆக்காது. டிரேட் டெஸ்ட் வைப்பார்கள், அங்கே கையால் போட்டுக் காட்ட வேண்டும். படங்கள் உன்னை அந்த டெஸ்ட் வரை கூட்டிப்போகும், அவ்வளவுதான்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ரசீது கொடுக்க வேண்டும். ஒன்றரை லட்சம் என்று வாய் திறக்கும்போதே எழுந்து வந்திருக்கலாம். அவருடைய உரிம எண்ணைக் கேட்டு, இமைக்ரேட் என்ற மத்திய அரசு இணையதளத்தில் போட்டுப் பார். எண்ணைச் சொல்லத் தயங்கினால் பேச்சை முடித்துக்கொள். கேரள அரசின் ஒடெபெக், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இரண்டிலும் வெளிநாட்டு வேலை அறிவிப்பு வரும். வேலந்தாவளத்தில் இருக்கிறாய், இரண்டு பக்கமும் கண் வை. 'ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்' என்று ஆன்லைனில் ஏற்கெனவே யாருக்காவது அனுப்பியிருந்தால், உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு ஃபோன் அடி. தாமதம் ஆக ஆகப் பணம் கைமாறிப் போய்விடும்.

கேள்வி: கேரளா எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் என் பெயருக்குப் பின்னால் இனிஷியல். பொள்ளாச்சியில் படித்த கல்லூரிச் சான்றிதழில் முன்னால். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. லிங்க்ட்இன், பயோடேட்டாவில் எதைப் போடுவது?
(ஒரு வாசகி, எருத்தேம்பதி)

பதில்: எல்லைப் பக்கத்தில் இது பாதி வீட்டின் வியாதி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருப்பதை ஆதாரமாக வைத்துக்கொண்டு, லிங்க்ட்இன், பயோடேட்டா, மின்னஞ்சல் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து அதையே போடு. ஒன்றில் 'டிஎச்', இன்னொன்றில் வெறும் 'டி' என்று இருந்தால் கூகுளுக்கு நீங்கள் இரண்டு பேர். லிங்க்ட்இன் 'லாஸ்ட் நேம்' கேட்டால் இனிஷியலையே போடலாம். பாஸ்போர்ட் எடுக்கும்போது மட்டும் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். வேலை கிடைத்ததும் பிஎஃப், வங்கிக் கணக்கு எல்லாம் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், ஆகவே ஆதாரைத் திருத்துவதாக இருந்தால் இப்போதே, சும்மா இருக்கும்போதே திருத்திவிடு. மின்னஞ்சல் முகவரியில் 'க்யூட்டி', 'ஏஞ்சல்' ஏதாவது இருந்தால் அதையும் இன்றைக்கே மாற்றிவிடு.

கேள்வி: தமிழ் மீடியத்தில் படித்தேன், மலையாளம் சரளமாகப் பேசுவேன், எழுதத் தெரியாது. 'மலையாளம் தெரியும்' என்று போடலாமா?
(ஒரு வாசகர், வடகரப்பதி)

பதில்: போடு. ஆனால் 'பேச' என்று சேர்த்துப் போடு. தமிழ் பேச, படிக்க, எழுத, மலையாளம் பேச, ஆங்கிலம் படிக்க, எழுத, ஓரளவு பேச என்று உள்ளதை உள்ளபடி. கோவை மருத்துவமனைகளின் வரவேற்பில், நகைக்கடையில், வாடிக்கையாளர் சேவையில் பேசத் தெரிந்தால் போதும், பாலக்காட்டில் இருந்து வருகிற கூட்டம் அவ்வளவு. எழுதத் தெரியும் என்று போட்டுவிட்டு, முதல் நாளே மலையாளத்தில் ஒரு புகார்க் கடிதத்தைக் கையில் கொடுத்தால் என்ன செய்வாய்?

கேள்வி: பட்டம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. மாங்காய் சீசனில் முதலமடையில் மண்டி வேலைக்குப் போவேன், மற்ற நேரம் சும்மா. கோவையில் வேர்ஹவுஸ் வேலைக்கு எல்லோரும் அனுபவம் கேட்கிறார்கள். நண்பன் ஒருவன் இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் 'ஏற்பாடு' பண்ணித் தருகிறேன் என்கிறான், லிங்க்ட்இன்னிலும் அந்தக் கம்பெனியைப் போட்டுக்கொள்ளலாமாம். வாங்கலாமா?
(பெயர் வேண்டாம், கோவிந்தாபுரம்)

பதில்: பெயர் வேண்டாம் என்று எழுதியபோதே உனக்குப் பதில் தெரிந்திருக்கிறது.

தர்மம் பேசவில்லை, மாட்டுவது எப்படி என்று மட்டும் சொல்கிறேன். ஓரளவு பெரிய கம்பெனி எதுவும் யுஏஎன் என்ற உன் பிஎஃப் எண்ணைக் கேட்கும். பிஎஃப் தளத்தில் அந்த எண்ணுக்குக் கீழே எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தாய், எந்தத் தேதி விலகினாய் என்று வரிசையாக இருக்கும். இரண்டு வருட அனுபவம் என்கிறவனுக்கு யுஏஎன்னே இல்லை என்றால் பணியாளர் பிரிவில் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். சேர்ந்து ஆறு மாதம் கழித்து வெளியார் நிறுவனம் வைத்துச் சரிபார்ப்பதும் உண்டு. அப்போது வேலையும் போகும், அந்த ஆறு மாதத்தை அடுத்த இடத்தில் சொல்லவும் முடியாது.

உன் நண்பனை விட எனக்குக் கோபம் உன் மேல்தான். மண்டி வேலையை "சும்மா" கணக்கில் சேர்த்துவிட்டாயே. முதலமடை மாங்காய் நாட்டின் மற்ற இடங்களுக்கு முன்னாலேயே சந்தைக்கு வருவதால்தான் வடநாடு வரை அதற்கு மவுசு. ஒரு வாரம் தாமதமானால் விலை விழும். அந்த அவசரத்தில் தோப்பில் இருந்து வருகிற பெட்டியை எண்ணி வாங்கி, ரகம் பிரித்து, அடிபட்டதை ஒதுக்கி, எடை போட்டு, எந்த லாரியில் எந்தப் பார்ட்டிக்கு எத்தனை என்று நோட்டில் எழுதி ஏற்றிவிடுவது என்ன வேலை? வேர்ஹவுஸ்காரர்கள் இதையேதான் இன்வேர்டு, சார்ட்டிங், டிஸ்பேட்ச் என்று சொல்லிச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

பயோடேட்டாவில் இப்படி எழுது: எந்த சீசன், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, முதலமடை மாங்காய் மண்டி. நெரிசலான நாளில் எத்தனை லோடு, உன் பொறுப்பில் எத்தனை பேர், எண்ணிக்கை இடித்தபோது எப்படிக் கண்டுபிடித்தாய். எண்களை உன் நோட்டைப் பார்த்து எழுது, மனக்கணக்கில் அடித்துவிடாதே. பிஎஃப் இல்லாத தினக்கூலி என்பதையும் ஒளிக்காதே, மண்டியில் யார் பிஎஃப் பிடிக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். நோட்டில் ஒரு பக்கத்தை, பார்ட்டி பெயரை மறைத்து, நகல் எடுத்து வைத்துக்கொள்.

மண்டி முதலாளியிடம் இரண்டு வரி எழுதி வாங்கு. லெட்டர்ஹெட் இல்லாவிட்டால் பில் புத்தகத் தாளில் சீல் போட்டு, கையெழுத்தும் ஃபோன் எண்ணும் இருந்தால் போதும். காலையில் போகாதே, லோடு ஏறுகிற நேரத்தில் அவர் யார் பேச்சையும் கேட்க மாட்டார். சாயங்காலம் கடைசி வண்டி கிளம்பின பிறகு போ, எழுத வேண்டியதை நீயே எழுதி எடுத்துக்கொண்டு போ.